கிண்டி முயல் வேறு, வீட்டு முயல் வேறு
அடையாற்றை அடுத்த கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானோடும் வெளிமானோடும் காட்டுமுயலும் வாழ்கிறது. பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். வீட்டில் வளர்க்கும் வெள்ளை முயல் இதன் வழியில் வந்ததல்ல. அதன் மூதாதை ஐரோப்பிய முயல். அதற்கு 44 குரோமோசோம்கள், நம் காட்டுமுயலுக்கு 48. இது வளை தோண்டாது. குட்டிகள் ரோமத்தோடு, கண் திறந்தே பிறக்கும்.

வீட்டு முயல் எப்படிச் சாதுவானது? அதன் மரபணுத் தொகுதியை ஐரோப்பியக் காட்டினத்தோடு ஒப்பிட்ட அருமையான ஆய்வு 2014-இல் வெளியானது. மிரட்சியைத் தணித்தது ஏதோ ஒரு மரபணு அல்ல. மூளை, நரம்பு வளர்ச்சி தொடர்பான பல மரபணுக்களுக்கு அருகே, அவற்றின் இயக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் இடங்களில், சிறுசிறு மாற்றங்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன.