குடோனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்...

நம் உறுப்பினர் ஒருவர் வடசென்னையில் மளிகைக் கடை நடத்துகிறார். கடையில் இடம் போதவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து அரிசி, பருப்பு மூட்டைகளையும் எண்ணெய் டின்களையும் அடுக்கினார். இரண்டு ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு, இரவில் லாரி வந்து சரக்கு இறக்கும் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டார் மனுக் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள்.

நம்மவர் கையிலிருந்த எல்லாக் காகிதங்களையும் காட்டினார். ஜி.எஸ்.டி. பதிவில் அந்த முகவரி இருந்தது. உணவுப் பாதுகாப்பு உரிமம் இருந்தது. மின் கட்டணமும் வணிகக் கணக்கில்தான் கட்டி வந்தார். ஆனால் வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "குடியிருப்பு மண்டலத்தில், வீட்டுக்கென்று அனுமதி வாங்கிய கட்டடத்தில் கிடங்கு நடத்த உத்தரவு எங்கே?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. தீபாவளிக்காகக் கொள்முதல் செய்த சரக்கை அவசர அவசரமாக வெளியேற்றினார். கொடுத்த முன்பணத்தில் பாதியைக் கூட அவரால் திரும்ப வாங்க முடியவில்லை.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்த கதை மட்டுமல்ல என்பதால்தான் இங்கே எழுதுகிறோம்.

மண்டலம் என்றால் என்ன?

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, நகரத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நில உபயோகம் குறிக்கப்படுகிறது. சென்னையில் இதைச் செய்வது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது நாம் சி.எம்.டி.ஏ. என்று அழைக்கும் அமைப்பு. 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் நிலத்தை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று பல மண்டலங்களாகப் பிரித்தது. எந்த மண்டலத்தில் எதை, எந்தப் பரப்பளவு வரை நடத்தலாம் என்பதை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. இவ்விதிகள் தமிழகம் முழுமைக்கும் பொருந்தும். மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் உள்ளூர்த் திட்டக் குழுமங்களும் இதைக் கவனிக்கின்றன.

வணிகர்கள் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. புதிதாகக் கட்டினால்தான் அனுமதி தேவை என்று நினைக்கிறோம். ஒரு செங்கல் கூட வைக்காமல் வீட்டைக் கிடங்காக மாற்றினாலும், உபயோக மாற்றம் என்ற வகையில் அது சட்டத்தின் பார்வையில் 'வளர்ச்சி'தான். குடியிருப்பு மண்டலத்தில் அன்றாடத் தேவைக்கான சிறு கடைக்கு இடம் இருக்கிறது என்பதால் கிடங்குக்கும் இடம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

சிறு அறைகளை மாத வாடகைக்குத் தரும் நிலையங்கள் இப்போது பெருகி வருகின்றன. அங்கே சரக்கு வைக்க நினைப்பவர்கள் ஒப்பந்தத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். உணவுப் பொருளையும் தீப்பிடிக்கும் பொருளையும் வைக்கக் கூடாது என்பது அவற்றில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை.

பூட்டு யாருக்கு விழுகிறது?

2011 அக்டோபர் 31 அன்று தி.நகர் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைப் பகுதியில் பல கடைகள் பூட்டி முத்திரையிடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2012 ஜனவரியில், பொங்கலையொட்டி, உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு பெற்ற பிறகே அவை திறந்தன. அங்கே பிரச்சினை கட்டட விதிமீறல், மண்டலம் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். கட்டடம் வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். பூட்டுக்குள் அகப்படுவது வாடகைக்காரருடைய முதல்.

முன்பணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

1. சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த நிலத்தின் உபயோகத்தை சி.எம்.டி.ஏ. இணையதளத்திலோ அலுவலகத்திலோ பாருங்கள். தரகர் சொல்லை நம்ப வேண்டாம்.

2. கட்டடத்தின் திட்ட அனுமதி நகலில் என்ன உபயோகம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

3. நில உபயோக மாற்றம் தேவைப்பட்டால் நிலத்தின் உரிமையாளரை முதலில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆட்சேபனை கேட்டு விளம்பரம் வரும், காலம் பிடிக்கும். ஆணை கைக்கு வரும் முன் சரக்கை ஏற்ற வேண்டாம்.

4. மண்டலக் காரணத்தால் காலி செய்ய நேர்ந்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

5. குடோன் முகவரியை ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேருங்கள். உணவுப் பொருளுக்கு ஒவ்வோர் இடத்துக்கும் தனி உரிமமோ பதிவோ வேண்டும். தீக்காப்பீட்டுப் பத்திரத்திலும் அந்த முகவரி இருக்கட்டும். இல்லாவிட்டால் எரிந்த சரக்குக்கு இழப்பீடு கிடைப்பது அரிது.

நம் கோரிக்கை

விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணெயும் சாக்கும் அடுக்கிய கட்டடம் தீப்பற்றினால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்துதான். ஜார்ஜ் டவுன் நெரிசலில் நின்று வியாபாரம் செய்தவர்களுக்கு ஒழுங்கின் அருமை தெரியும். 1996-இல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது வணிகர்கள் பட்ட சிரமமும் தெரியும். மாற்றிடம் தயாராக இருந்தால் மாற முடியும் என்பதும் தெரியும்.

நாம் கேட்பது மூன்று. லாரிகள் வரிசைகட்டும் பெருங்கிடங்கையும், குட்டி யானை வண்டியில் நாளுக்கு நாலு நடை அடிக்கும் மளிகைக்காரரின் சிறு கிடங்கையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. பரப்பளவு, வண்டியின் அளவு, சாலை அகலம் இவற்றை வைத்துத் தனி வரையறை வேண்டும். இரண்டாவது, நகரின் பல பகுதிகளில் சிறு வணிகர்கள் பங்கிட்டுக்கொள்ளும் பொதுக் கிடங்குகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். குடோன் ஊருக்கு வெளியே போனால் அந்த வண்டிக் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று கடைசியில் வாடிக்கையாளர் தலையில்தான் விழும். மூன்றாவது, பூட்டுப் போடுமுன் கெட்டுப்போகும் சரக்கை எடுக்க நியாயமான அவகாசம் வேண்டும்.

இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காக வைத்தது. மூன்றாவது திட்டத்துக்கான பணிகள் தொடங்கிவிட்டன. 2022-இல் பெருநகர எல்லையை 1,189-இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க அரசு ஆணையும் வந்தது. நேற்றுவரை கிராமம் என்று நினைத்த இடங்களும் வரைபடத்துக்குள் வருகின்றன. வரைவு வெளியாகி ஆட்சேபனை கேட்கும்போது நாம் வாய் மூடியிருந்தால், பிறகு இருபது ஆண்டுக்கு அந்த வரைபடம்தான் நமக்குச் சட்டம்.

ஆகவே உறுப்பினர்கள் தங்கள் கடை, குடோன் இரண்டின் சர்வே எண்ணையும், பரப்பளவையும், வரும் வண்டியின் அளவையும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கோரிக்கை மனுவுடன் அந்தத் தாள்களையும் இணைத்துக் கொடுப்போம்.