நெளிந்த நாழியும் ஒரு தேதியும்

"நூறுன்னு காட்டுது தம்பி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே இருபதுக்கு வந்து நிக்குது. இது என்ன கணக்கு?"

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், ஆரியசாலைப் பக்கத்துச் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி அண்ணாச்சி தன் போனை என்னிடம் நீட்டினார். எனக்கு ஸ்ட்ராங், அவருக்கு வித்தவுட் என்று சொல்லியாகிவிட்டது. அண்ணாச்சிக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். இங்கே பாத்திரக்கடை போட்டு நாற்பது வருடம் ஆகிறது. மகன் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். ஓணம் ஆஃபர் முடிவதற்குள் புதுப் போன் எடுத்துவிடலாம் என்று ஒரு வாரமாக அப்பாவைப் பிடுங்குகிறானாம்.

"எதுக்குன்னு கேக்கேன். இதுல ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

கீறல் இல்லைதான். 2019இல் வாங்கியது. மேலே டெம்பர் கிளாஸ், பின்னால் தடித்த கவர், கவருக்குள் பழவங்காடிப் பிள்ளையார் படம். சீர்வரிசைக்கு எடுத்துவைத்த எவர்சில்வர் குடம் போல வைத்திருக்கிறார். பக்கத்தில் என் போனை வைத்தேன். ஒரு மூலை தெறித்து, அங்கிருந்து விரிசல் கண்ணாடி முழுக்க ஓடியிருக்கிறது. இரண்டையும் பார்த்தவர், என்னைத்தான் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

முதலில் அந்த நூறு.

"அண்ணாச்சி, நெளிஞ்ச நாழியில அரிசி அளந்தா என்ன ஆகும்?"

"அளவு கொறையும்."

"தலைதட்டி நிரப்பினா?"

"நாழி நெறஞ்சுதான் இருக்கும். அரிசிதான் கொறச்சலா இருக்கும்."

"அந்த நூறு அதுதான்."

கல்யாண வீட்டு நிறபறைக்கென்று பித்தளைப் பறையும் நாழியும் விற்கிறவருக்கு இது போதும். போன் பொய் சொல்லவில்லை. இப்போது இருக்கிற கொள்ளளவில் நூறு சதவீதம் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. கொள்ளளவே சுருங்கிவிட்டதை அது தானாக வந்து சொல்வதில்லை.

நாழி ஏன் நெளிகிறது என்று கேட்டார். உள்ளே இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கத்து கிராஃபைட்டுக்குள் போய் அடைகின்றன. செலவாகும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு நடைக்கும் துளித் துளியாகக் கொஞ்சம் லித்தியம் கிராஃபைட்டின் மேல் படலமாகப் படிந்து அங்கேயே தங்கிவிடும். தங்கியது திரும்பாது. சூடு கூடினால் படிவதும் கூடும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் போனைப் போட்டுக்கொண்டு கரமனையிலிருந்து கழக்கூட்டம் வரை போகிறவர்களும், சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர்களும் நாழியைத் தாங்களே சுத்தியலால் தட்டுகிறார்கள்.

இதற்குக் கணக்கு உண்டு. முழுப் பேட்டரி அளவுக்குச் செலவழித்தால் ஒரு சுற்று; இன்று பாதி, நாளை பாதி என்றாலும் சேர்த்து ஒரு சுற்றுதான். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி செய்தவை என்கிறது ஆப்பிள். 15ஆம் மாடலிலிருந்து அதை 1000 சுற்றாகச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சுற்று என்று சட்டமே போட்டுவிட்டது. தினம் ஒரு சுற்று ஓட்டுகிறவருக்கு 500 என்பது ஒன்றரை வருடம்கூட இல்லை. அண்ணாச்சியின் போன் எத்தனை சுற்று சுற்றியிருக்கும் என்று அவரே விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டார்.

"அது கெடக்கட்டும். இருபது இருக்கும்போதே சில நேரம் பொட்டுன்னு அணைஞ்சு போகுதே?"

அதற்கும் இதே பேட்டரிதான் காரணம். கொள்ளளவு குறைவதோடு, பழைய பேட்டரியின் உள்தடையும் ஏறிவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாய் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாகக் கேட்டால் கொடுக்கும். கேமராவோ மேப்போ திறந்து மடமடவென்று கேட்டால் அழுத்தம் விழுந்து போன் அணைந்துவிடும். இப்படி அணையாமல் இருக்கத்தான் ஆப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தை ஓசைப்படாமல் குறைத்தது. 2017 டிசம்பரில் விஷயம் வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைக்க வேண்டியதாயிற்று. புதிதாகப் பேட்டரி போட்டவுடன் அந்தப் போன்கள் பழையபடி ஓடின. 'போன் மெதுவாகிவிட்டது, மாற்றிவிடலாம்' என்று நினைத்தவர்களில் பலருக்குப் பேட்டரி மட்டும் மாற்றியிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

சாயா வந்தது. கடைக்காரச் சேட்டா ஒரு பழம்பொரியையும் தாளில் வைத்துவிட்டுப் போனார், கேட்காமலே.

"பழைய நோக்கியாவுல இந்தத் தொந்தரவே இல்ல பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.

இருந்தது. ஆனால் நகத்தால் மூடியைத் தள்ளி, பேட்டரியை உருவி, வேறொன்றைப் போட்டோம். அதனால் தொந்தரவாகத் தெரியவில்லை. பி.எல்.-5சி என்ற அந்தப் பேட்டரியை நோக்கியா 1100 வைத்திருந்த யாரும் மறந்திருக்க முடியாது. 2007 ஆகஸ்டில் அதில் ஒரு பகுதி, 4 கோடியே 60 லட்சம் பேட்டரி, அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியாவே எச்சரித்தது. அப்போது நம் ஊரில் மூடியைத் திறந்து எண் பார்க்காத ஆளில்லை. பேட்டரியைத்தான் மாற்றினார்கள், போனை அல்ல. இந்தத் தெருவில் விற்கிற சின்ன எஃப்.எம். பெட்டிகளுக்குள் அந்த அளவுப் பேட்டரி இன்றும் இருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகளோடு, போன் பேட்டரியை வாங்கியவரே கழற்றும்படி செய்ய வேண்டும் என்று ஐரோப்பாவில் சட்டம் வருகிறது. மூடி திரும்பி வரப்போகிறது என்று நான் எதிர்பார்க்கிறேன், பேராசையாகவும் இருக்கலாம்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு லித்தியம் அயனியைப் பற்றிப் பேசும்போது தும்பாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கிருந்து அரை மணி நேர தூரத்தில், தும்பாவில் இருக்கிற விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் விண்கலங்களுக்காக லித்தியம் அயனி செல்களை உருவாக்கி, 2018இல் அந்தத் தொழில்நுட்பத்தை இந்திய நிறுவனங்களுக்கு ஒரு கோடி ரூபாய்க்குத் தர முன்வந்தது. செயற்கைக்கோளுக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது. புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருப்பது வருடத்தில் இரண்டு பருவம், ஒவ்வொன்றிலும் ஒன்றரை மாதம் போல, தினமும் கொஞ்ச நேரம் பூமியின் நிழலுக்குள் போகும். அதிகபட்சம் 70 நிமிடம் சொச்சம். அப்போது பேட்டரிதான் கதி. பதினைந்து வருடம் தாங்க வேண்டுமென்பதால் அதை அடிமட்டம் வரை வடிய விடுவதில்லை. சூடும் ஏற விடுவதில்லை. போனை 20க்குக் கீழே போகவிடாதே, 80லேயே எடுத்துவிடு என்று சொல்வது இதே புத்திதான், வீட்டு அளவில்.

ஆக, பேட்டரி மட்டும்தான் நோய் என்றால் புதுப் போன் விலையில் ஒரு சிறு பங்கில் வேலை முடியும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் போடுவதே என் கட்சி. நான் ஒருமுறை அவசரத்துக்கு ஒரு கடையில் மலிவாகப் போட்டேன். ஆறு மாதத்தில் மேஜைமேல் வைத்த போன் தொட்டால் பம்பரம் மாதிரிச் சுற்றியது. பேட்டரி உப்பி, முதுகு வளைந்து, டிஸ்ப்ளேயின் ஒரு ஓரம் அரிசிமணி கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படி ஆனால் அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜில் போடவே கூடாது. இன்னொன்று: திறந்து மூடிய போனின் நீர்க்காப்பை நம்பி இடவப்பாதி மழையில் வெளியே எடுக்காதீர்கள். புதுப் போனுக்கே அந்தச் சான்று நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுத்தது. சங்குமுகம் கடல் அதில் சேராது.

பேட்டரிக்கு அடுத்து, இடம். அண்ணாச்சியின் போனில் 32 ஜிபி. அதில் மிச்சம் 400 எம்பி. நிரப்பியிருந்தது முழுக்க 'சுப்ரபாதம்', 'காலை வணக்கம்', தாமரை, விளக்கு, மறுபடி தாமரை. போனின் சேமிப்புச் சில்லில் பழையதை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் அதே இடத்தில் புதியதை எழுத முடியும். கொஞ்சம் காலி இடம் இருந்தால் அங்கே இங்கே நகர்த்தி வேலையை முடிக்கும். கிட்டங்கி கூரைவரை நிறைந்திருந்தால் ஒரு மூட்டையை வெளியே எடுக்க ஒன்பது மூட்டையை நகர்த்த வேண்டாமா? தாமரைகளை அழித்தோம். இரண்டாவது டம்ளர் சாயா வருவதற்குள் ஏழு ஜிபி காலியாயிற்று. போன் சுறுசுறுப்பாகிவிட்டது; அண்ணாச்சி முகமும்.

"அப்ப பேட்டரிய மட்டும் மாத்திக்கிட்டா போதும்னு பயகிட்ட சொல்லிருதேன்."

நானும் ஏறக்குறைய அதே முடிவில்தான் இருந்தேன். சும்மா, பழக்கத்தில், செட்டிங்ஸுக்குள் போய் 'அபவுட் போன்' திறந்து, 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி பேட்ச்' என்ற வரியைப் பார்த்தேன். 2021 நவம்பர் என்றிருந்தது.

"தினமும் ஏதோ அப்டேட் வந்துக்கிட்டே இருக்கே தம்பி?"

அது வேறு. தினமும் வருவது ஆப்களின் அப்டேட். வாடகைக்கு இருப்பவர் தன் அறைக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி. இது வீட்டுச் சுவரும் வாசல் பூட்டும். அதைச் சரிசெய்ய வேண்டியவர் போனைச் செய்த கம்பெனி. அண்ணாச்சியின் மாடலுக்கு அவர்கள் 2021லேயே கை கழுவிவிட்டார்கள்.

பூட்டு பழசானால் என்ன என்று தோன்றும். 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஒரு ஓட்டை ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு வீடியோவை எம்.எம்.எஸ்.ஸாக அனுப்பினால், பெற்றவர் திறக்காமலேயே போனுக்குள் நுழைந்துவிடலாம் என்று காட்டினார்கள். அதன்பிறகுதான் கூகுள் மாதாமாதம் ஓட்டைகளின் பட்டியலையும் அடைப்பையும் சேர்த்து வெளியிடத் தொடங்கியது. பட்டியல் எல்லோரும் படிக்கலாம். அடைப்பு கிடைக்கிற போனுக்கு அது மருந்து. கிடைக்காத போனுக்கு, இன்ன வீட்டில் இன்ன சன்னலில் கொக்கி இல்லை என்று தெருவில் ஒட்டிய நோட்டீஸ். பாட்டுக் கேட்கிற போனாக இருந்தால் நான் கவலைப்படமாட்டேன். அண்ணாச்சியின் கடைக் கல்லா இப்போது பாதிக்கு மேல் இந்தப் போனில்தான் இருக்கிறது. பேங்க் ஆப், யு.பி.ஐ., ஓ.டி.பி. எல்லாம் இதே கண்ணாடிக்குப் பின்னால்.

இந்த மாவட்டத்துப் புல்லம்பாறைதான் 2022இல் மாநிலத்தின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவுப் பஞ்சாயத்து ஆயிற்று; 2025 ஆகஸ்டில் கேரளம் முழுக்கவே அப்படி அறிவிக்கப்பட்டது. என்னைக் கேட்டால், அடுத்த பாடமாக எல்லோருக்கும் இந்த ஒரு வரியைத் திறந்து தேதி பார்க்கச் சொல்லிக்கொடுக்கலாம்.

பெஞ்சில் இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. விரிசல் விட்ட என் போனில் தேதி போன மாதத்தது. 2030 வரை வரும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. பளபளப்பாக இருப்பதுதான் போக வேண்டியது. அண்ணாச்சிக்கு இது கொஞ்சம் கசந்தது.

"அப்ப பய சொன்னதுதான் சரியா?"

முடிவு சரி. அவன் சொன்ன காரணங்கள் வேறு: கேமரா, 5ஜி. கேமராவில் 50 மெகாபிக்சல் என்பது பெரும்பாலும் நாலு நாலு புள்ளியாகச் சேர்த்து பன்னிரண்டரையாகத்தான் படத்தைக் கொடுக்கிறது. யு.பி.ஐ.க்கும் வாட்ஸாப்பில் பேசுவதற்கும் 4ஜி தாராளம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருடம், எந்த நாளிலிருந்து? இந்த இரண்டாவது பாதியில்தான் சூட்சுமம். வருடக் கணக்கு அந்த மாடல் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஆஃபரில் பாதி விலைக்குக் கிடைக்கிற இரண்டு வருடப் பழைய மாடலில் இரண்டு வருடம் ஏற்கனவே கரைந்துவிட்டது. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ்24க்கும் ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்தன. விலை இறங்க இறங்க வருடமும் இறங்கும். விலையை மிச்சமிருக்கும் வருடத்தால் வகுத்துப் பாருங்கள். கடைக்காரர் காட்டுகிற வரிசை அநேகமாக மாறிப்போகும்.

'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்றால், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பாய் என்று கேட்டால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். பழைய போன் வாங்குவதானால் *#06# அடித்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்து, KYM என்று போட்டு அந்த எண்ணை 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் திருட்டுப் போனாக முடக்கப்பட்டதா என்று பதில் வரும்.

"இத என்ன செய்ய?" பழைய போனைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

பேங்க் ஆப்பையெல்லாம் எடுத்துவிட்டு, ரீசெட் பண்ணி, சிம் இல்லாமல் கடையில் பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். உப்பத் தொடங்கிவிட்டால் வீடு வீடாகக் கழிவு எடுக்க வருகிற ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் மின்கழிவாகக் கொடுத்துவிட வேண்டியது. பழைய இரும்புக்காரரிடம் போடக் கூடாது.

சேட்டா வந்து முப்பத்தெட்டு என்றார். அண்ணாச்சி வழக்கம்போலப் போனைத் தூக்கி கியூ.ஆர். அட்டைக்கு நேரே பிடித்தார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து இரண்டு இருபது ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, நெட் இல்லே?" என்று கேட்டார் சேட்டா.