படகுக்கு முளைத்த இரண்டு கைகள்

'டிராலிங்' என்று சொன்னதும் நம்மில் பாதிப் பேருக்கு விசைப்படகும் இழுவலையும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் எழுத வந்தது அது இல்லை. இது 'ட்ரோலிங்'. இங்கிலீஷில் ஓரிரண்டு எழுத்து மாறினால் தொழிலே மாறிப்போகிறது பாருங்கள்! இழுவலை கடலடியில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வரும். ட்ரோலிங்கில் ஓடுகிற படகுக்குப் பின்னால் தூண்டில் முள்ளும் பொய் இரையும் நீர்மட்டத்தில் துள்ளிக்கொண்டு வரும். சூரை, வஞ்சிரம், மயில் மீன் மாதிரி வேகமாகத் துரத்தி வேட்டையாடும் மீன்கள் அதைச் சின்ன மீன் என்று நினைத்துக் கவ்வும். ஒரு முள்ளுக்கு ஒரு மீன், அவ்வளவுதான்.

பாக் நீரிணையில் இழுவலைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரை பிடிக்கும் படகுகள் கொடுக்க 2017-இல் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. அதில் வந்தது நீளத் தூண்டிலும் செவுள் வலையும், ட்ரோலிங் அல்ல. இருந்தாலும் தூண்டில் தொழில் பற்றிய பேச்சு நம்ம கரையில் சூடு பிடித்ததால், அதில் ஒரு மெக்கானிக்கல் மாணவனுக்குப் பிடித்த பகுதியைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அதுதான் அவுட்ரிகர்.

பசிபிக் தீவுகளின் ஓடங்களுக்கும் இலங்கையின் 'ஓரு' படகுக்கும் பக்கத்தில் ஒரு மிதவைக் கட்டை இருக்குமே, அதையும் அவுட்ரிகர் என்றுதான் சொல்வார்கள். நாம் பார்க்கப்போவது மிதவை இல்லாத வெறும் கம்பு. படகின் இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி நீட்டி நிற்கும். அமெரிக்காவில் ஃபுளோரிடா பக்கம் வாடகைப் படகு ஓட்டிய டாமி கிஃபோர்டு என்ற கேப்டனுக்குத்தான் விளையாட்டு மீன்பிடிப்பில் இதைக் கொண்டுவந்த பெருமையைக் கொடுக்கிறார்கள். எழுத்தாளர் ஹெமிங்வே 1934-இல் வாங்கிய 'பிலார்' என்ற 38 அடிப் படகிலும் அவுட்ரிகர் உண்டு. அதே நாட்டின் மேற்குக் கரையில் சால்மன், அல்பகோர் சூரை பிடிக்கும் தொழில் படகுகளில் கம்பு இன்னும் நீளம். அந்தக் கம்புகளிலிருந்தே நீருக்குள் தகடு தொங்கவிட்டுப் படகின் ஆட்டத்தையும் குறைத்துக்கொள்வார்கள். ஒரே கம்பு, இரண்டு வேலை.

சரி, கம்பு எதுக்கு? பின்பக்கத்தில் நான்கு தூண்டில் கட்டி விட்டால் போதாதா என்று கேட்கலாம். எட்டு அடி அகலப் படகில் நான்கு நரம்பு விட்டுப் பாருங்கள். முதல் திருப்பத்திலேயே நான்கும் ஒன்றாகி, பாட்டி பின்னின சடை மாதிரி வந்து நிற்கும். அதோடு புரொப்பல்லர் கிளப்புகிற வெள்ளை நுரைக்குள் இரை மறைந்துவிடும். கம்பு வைத்தால் இரை நுரைக்கு வெளியே, தெளிந்த தண்ணீரில் ஓடும். இன்னொன்று உயரம். நரம்பு 2 மீட்டர் உயரத்திலிருந்து 30 மீட்டர் பின்னால் போனால் நீர்மட்டத்தோடு அதன் கோணம் சுமார் 4 டிகிரி. அதுவே 6 மீட்டர் உயரத்தில் உள்ள கம்பு நுனியிலிருந்து போனால் 11 டிகிரிக்கு மேல். தண்ணீரில் ஊறும் நரம்பு குறையும், இரை மேலாகத் துள்ளும்.

இப்போது கட்டும் விதம். கம்பு நுனியில் ஒரு சின்னக் கப்பி, அடியில் இன்னொரு கப்பி. இரண்டையும் சுற்றி ஒரு கயிறு வளையமாக ஓடும், நம்ம ஸ்கூல் கொடிக்கம்பத்துக் கயிறு மாதிரியே. அந்தக் கயிற்றில் ஒரு கிளிப். தூண்டில் கோலிலிருந்து வரும் நரம்பை, இரையைத் தேவையான தூரம் விட்ட பிறகு, கிளிப்பில் கவ்வ வைத்துக் கயிற்றை இழுத்தால் கிளிப் நரம்போடு நுனிக்கு ஏறிவிடும். கயிறு தொய்யாமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் கயிறு. மீன் அடித்ததும் கிளிப் நரம்பை விட்டுவிடும், அப்புறம் சண்டை மீனுக்கும் கோலுக்கும்தான். ஆரம்ப காலத்தில் இந்தக் கிளிப்புக்கு என்ன உபயோகித்தார்கள் தெரியுமா? துணி காயப்போடும் மரக் கிளிப்!

இந்தக் கிளிப்தான் மொத்த ஏற்பாட்டுக்கும் உயிர் என்பேன். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பர் ஞாபகம் இருக்கிறவர்கள் பேனாவை எடுங்கள். கம்பு 6 மீட்டர் நீளம், ஒரு முனை மட்டும் பிடித்த கேன்டிலீவர். கிளிப்பை 2.5 கிலோ இழுவைக்கு விடும்படி வைத்தால் அடியில் வளைவுத் திருப்புமை 15 கிலோ-மீட்டர், அதாவது சுமார் 147 நியூட்டன் மீட்டர். கிளிப் விடாமல் ஒரு நல்ல மீன் 20 கிலோ விசையில் இழுத்தால் 120 கிலோ-மீட்டர். எட்டு மடங்கு. வெளி விட்டம் 50 மில்லிமீட்டர், சுவர் 3 மில்லிமீட்டர் உள்ள அலுமினியக் குழாய் என்று வைத்துக்கொண்டால் முதல் கணக்கில் தகைவு 30 மெகாபாஸ்கல், இரண்டாவதில் 240. படகுக்குப் பெயர் போன 6061-டி6 அலுமினியமே சுமார் 275-இல் நிரந்தரமாக வளைந்துவிடும். அலை அடியும் கம்பின் சொந்த எடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிளிப்பை இறுக்கி வைத்தால் மீன் தப்பாது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கணும்.

குழாய்க்குப் பதில் அதே எடையில் உருண்டைக் கம்பி வைத்தால்? அதே பரப்புக்குக் கம்பியின் விட்டம் 24 மில்லிமீட்டர்கூட வராது. செக்ஷன் மாடுலஸ் குழாய்க்கு 4900 கன மில்லிமீட்டர். கம்பிக்கு 1300 சொச்சம். நமக்குக் குழாய் செய்ய ஃபேக்டரி வேண்டும். மூங்கிலுக்கு இது பிறவியிலேயே தெரியும்! உள்ளே வெற்றிடம், நடுநடுவே கணு. வளையும்போது குழாய் நசுங்காமல் தாங்குவது அந்தக் கணுதான். பசிபிக் தீவுகளில் சின்னப் படகுக்காரர்கள் மூங்கிலையே அவுட்ரிகராகக் கட்டியதில் ஆச்சரியமே இல்லை. நம்ம ஃபைபர் படகுக்கும் நாலைந்து மீட்டர் மூங்கில் தாராளம். ஒன்று மட்டும் கவனம். அடிப்பக்கத்தில் போல்ட் போடத் துளை போடக்கூடாது. திருப்புமை அதிகமாக வருவது அங்கேதான். ஒரு குழாய்ச் சாக்கெட்டில் மூங்கிலைச் செருகி நிறுத்துவதே நல்லது.

அந்தச் சாக்கெட்டைப் படகு விளிம்பில் சும்மா திருகிவிட்டால் ஃபைபர் ஓடு பிய்ந்துகொண்டு வரும். கீழே தடிமனான பிளைவுட் பலகை ஒன்றைத் தாங்கலாக வைத்து, பெரிய வாஷர் போட்டு, ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் முடுக்க வேண்டும். அலுமினியச் சாக்கெட் என்றால் ஸ்டெயின்லெஸ் நேரடியாக அதைத் தொடாமல் நைலான் வாஷர் நடுவே வைக்கணும். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி, தின்னப்படுவது அலுமினியம்.

கிளிப் விட்டதும் இன்னொரு சங்கதி நடக்கிறது. கோலிலிருந்து கம்பு நுனிக்குப் போய் அங்கிருந்து இரைக்குப் போன நரம்பு, திடீரென்று நேர்வழிக்கு வருகிறது. மிச்சமாகும் தொய்வு, நம்ம கணக்கில் சுமார் 6 மீட்டர். படகு 8 நாட் வேகத்தில், அதாவது செகண்டுக்கு 4.1 மீட்டர் போனால், ஏறத்தாழ ஒன்றரை செகண்ட் இரை இழுபடாமல் அப்படியே நிற்கும். மயில் மீன் தன் நீள மூக்கால் இரையைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்து விழுங்குகிற ஜாதி. அந்த ஒன்றரை செகண்ட் அதற்கு விருந்து! நிஜ மீனை இரையாகக் கட்டினால் இது வரப்பிரசாதம். பிளாஸ்டிக் இரையென்றால் தொய்வு கெடுதல், வாயில் வைத்த மீன் 'இது சோறு இல்லையே' என்று துப்பிவிடும். அதற்காகக் கம்பு நுனியிலிருந்து தனியாக ஒரு கயிறு விட்டு, அதன் முனையில் கிளிப்பைக் கட்டிப் படகுக்குப் பின்னால் தாழ்வாக நிறுத்துவார்கள். டேக் லைன் என்று பெயர். தொய்வு வெகுவாகக் குறைந்துவிடும்.

கோல் இல்லாமல் கையால் இழுக்கும் தொழில் படகில் கிளிப் கிடையாது. நரம்பைக் கம்பிலேயே கட்டி, நடுவில் அதிர்ச்சி தாங்க ரப்பர் கயிறு போட்டுவிடுவார்கள். கம்பு நுனி கைக்கு எட்டாது அல்லவா, அதனால் நரம்பைப் பக்கத்தில் இழுக்க ஒரு துணைக் கயிறு உண்டு.

நீளம் வைப்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. கம்பிலிருந்து போகும் வெளி நரம்புகள் நீளமாகவும் மேலாகவும் ஓடணும். பின்பக்கத்து உள் நரம்புகள் குட்டையாக, ஈயம் கட்டிக் கொஞ்சம் ஆழத்தில். வெளியே மாட்டின மீனை உள்ளே இழுக்கும்போது அது குட்டை நரம்புகளுக்கு மேலாக வந்துவிடும். விடும்போது நீளமானது முதலில், எடுக்கும்போது குட்டையானது முதலில்.

திருப்புவது தனிக் கலை. 30 மீட்டர் ஆரத்தில் படகு வளைந்தால், பக்கத்துக்கு 6 மீட்டர் நீட்டியிருக்கும் வெளி நுனி 36 மீட்டர் ஆரத்திலும் உள் நுனி 24 மீட்டர் ஆரத்திலும் போகும். படகு 8 நாட் என்றால் வெளி நுனி 9.6, உள் நுனி 6.4. உள் பக்கத்து இரை சோர்ந்து மூழ்கும், பக்கத்து நரம்போடு சிக்கும். சிக்கு விழுந்த நரம்பு புரொப்பல்லரில் சுற்றினால் நடுக்கடலில் என்ஜின் நின்றுபோகும். ஆகவே திருப்பம் எப்போதும் அகலமாக இருக்க வேண்டும்.

கடைசியாக, கையைப் பற்றி. கையால் இழுக்கிறவர் நரம்பை உள்ளங்கையில் சுற்றிப் பிடிப்பது பிடிமானத்துக்கு வசதியாகத்தான் தெரியும். படகு ஒரு பக்கம் ஓட, மீன் மறுபக்கம் இழுக்க, சுற்றிய நரம்பு விரலைச் சதையோடு அறுத்துவிடும், ஆளையே கடலுக்குள் இழுத்தும் விடும். விரல்களுக்குள் வழுக்கிப் போகும்படிதான் பிடிக்கணும். கையுறை வேண்டும், கைக்கெட்டும் இடத்தில் கத்தி ஒன்று இருக்க வேண்டும். கரைக்குத் திரும்பும்போது கம்பை நிமிர்த்தி வைப்பது வழக்கம். அப்போது மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியமும் கார்பன் ஃபைபரும் நல்ல மின்கடத்திகள், நனைந்த மூங்கிலையும் நம்ப முடியாது.