வெட்டிச் செல்லும் உறவு

"எந்நாளும் நாம்தானா போய்ப் பேச வேண்டும்? அவர்களும் வரட்டுமே!"

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தவர் வீட்டுக்குப் போவதும் தந்தவருக்குத் திருப்பித் தருவதும் உறவைப் பேணுவதாகாது, உறவு துண்டிக்கப்பட்ட பின்பும் போய்ச் சேர்பவரே அதைப் பேணுபவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள் (புகாரி).

இந்தப் போதனை எத்தனை கடினமானது என்பதை யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் காணலாம். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகேறினால் சற்று நேரத்தில் நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோயிலும், நாகவிகாரையும், பள்ளிவாசலும் அமைந்த சிறு தீவு அது. இந்தத் தீவுகளில் நல்ல தண்ணீர் அருமை. எனவே காணி உறுதியில் நிலத்தின் அளவோடு கிணற்றுப் பங்கையும் வழி உரிமையையும் எழுதுவார்கள். நெடுந்தீவிலோ காணிக்குக் காணி முருகைக்கல் அடுக்கிய மதில்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நிலம் பங்காகப் பங்காக, சண்டை எங்கே முளைக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இதற்கு மேல் 1990 வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசல் இழந்தனர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் அகதிகளாயினர். 2009இல் போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு வாப்பாவின் காணி இருந்தது. ஆனால் அதற்கு உரிமையாளர்கள் பெருகியிருந்தனர். ஒருவருக்குக் குடியேற ஆசை, மற்றவருக்கு விற்றுப் பணமாக்க ஆசை. ராத்தாவிடம் ஒரு வார்த்தை கேளாமல் தம்பி விலை பேசிவிட்டால் அவள் மனம் என்ன பாடுபடும்? அந்நியர் விரட்டியதைத் தாங்கியவர்களுக்கும் கூடப் பிறந்தவன் செய்தது தாங்காது.

அபூபக்கர் (ரலி) அவர்களும் இப்படிப் புண்பட்டவர்களே. மிஸ்தஹ் என்பவர் அவர்களின் உறவினர், ஏழை. அவருடைய செலவுகளைப் பார்த்து வந்தவர்களே அபூபக்கர் (ரலி)தான். அந்த மிஸ்தஹ், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பியவர்களோடு சேர்ந்துகொண்டார். பெற்ற மகளின் மானத்தைப் பேசியவருக்கு எந்தத் தகப்பன் சோறு போடுவான்? இனி ஒரு காசும் தரமாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள். அப்போது இறங்கியதுதான் அந்நூர் அத்தியாயத்தின் 22ஆம் வசனம். வசதியுள்ளோர் உறவினருக்குக் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டாம், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்று அது கேட்டது. விரும்புகிறேன் என்று சொல்லி, நிறுத்திய உதவியை மீண்டும் தொடங்கினார்கள். மிஸ்தஹ் செய்தது சரி என்று யாரும் சொல்லவில்லை. அவதூறுக்குரிய தண்டனை அவருக்குக் கிடைத்தது. தண்டனை வேறு, சோறு வேறு.

இங்கேதான் நம்மவர் பலர் குழம்புகிறார்கள். நல்லுறவு என்றால் உரிமையை விட்டுக்கொடுப்பது என்று பெண்களிடம் சொல்லியே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சூரத்துன் நிஸா பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று விதித்திருக்க, காக்காவின் மனம் நோகும் என்று அவள் ஏன் அதை இழக்க வேண்டும்? பங்காளி ஒருவர் நெடுங்காலம் குடியிருந்தார் என்பதால் மட்டும் காணி முழுவதும் அவருடையதாகி விடாது. இலங்கைச் சட்டமும் பொதுவாக அப்படித்தான் பார்க்கிறது. போரினால் வழக்காட முடியாமற் போனவர்களுக்காக 2016இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. உரிமையைக் கேளுங்கள், தாராளமாக.

தாம் சேர்ந்தாலும் வெட்டுகிறார்கள், நன்மை செய்தாலும் தீமை செய்கிறார்கள் என்று உறவினரைப் பற்றி ஒருவர் முறையிட்டபோது, நீர் சொல்வது உண்மையானால் அவர்களுக்குச் சுடுசாம்பலை ஊட்டுவதைப் போலிருக்கிறீர், இப்படியே இருக்கும்வரை அல்லாஹ்வின் உதவியாளர் ஒருவர் உம்முடன் இருப்பார் என்று நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள் (முஸ்லிம்). விவாதத்தை நிறுத்தும்படி அவரிடம் சொல்லவில்லை. நன்மையை நிறுத்தும்படியும் சொல்லவில்லை.

காணிப் பிணக்கை மத்தியஸ்த சபைக்குக் கொண்டு போகலாம். 1988ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அவை நாடெங்கும் அமைக்கப்பட்டன. தவணை நாளில் இரு தரப்பும் ஒரே பஸ்ஸில் ஏறும்படி நேரலாம். மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது கூடாது. ஸலாத்தை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்று ஹதீஸில் வருகிறது. பஸ் புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள்.