மின்சாரம் வரும் வேளை

கிராம வாழ்வின் நிதானத்தைப் புகழ்வோர், அதில் எவ்வளவு பகுதி அங்குள்ளோர் தாமாக வகுத்துக்கொண்டது, எவ்வளவு பகுதி வெளியிலிருந்து அவர்கள்மேல் சுமத்தப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பெங்களூருவைச் சுற்றியுள்ள தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், ஹொசகோட்டை வட்டங்களில் இவ்விரண்டும் அருகருகே காணக் கிடைக்கின்றன.

அவ்வூர்களில் காலையும் மாலையும் பால் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னே கேன்களோடு வரிசை நிற்கிறது. மழையானாலும் பனியானாலும் கறந்த பாலைக் கொண்டுபோய், கொழுப்புச் சத்தை அளக்கும்வரை நிற்பது சிரமம்தான். ஆயினும் சங்கம் திறக்கும் நேரம் எல்லோருக்கும் தெரியுமாதலால், தீவனம் அறுப்பதும் சாணம் வாருவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அந்த நேரத்தை ஒட்டி ஒழுங்காக அமைந்துவிடுகின்றன.

பாசனத்துக்கான காத்திருப்பு வேறு வகையானது. வற்றாத ஆறு இல்லாத இப்பகுதியில் ஏரிகள் பயன் குன்றியபின் ஆழ்துளைக் கிணறுகளே கதியாயின; பல இடங்களில் அவை 1,000 அடிக்கும் கீழே இறங்கிவிட்டன. அத்தனை ஆழத்திலிருந்து நீரை இழுக்கும் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம், அதாவது மூன்று கம்பிகளில் ஒருசேர வரும் மின்சாரம் வேண்டும். வீட்டு விளக்குக்கு ஒருமுனை மின்சாரமே போதும். கர்நாடக அரசு ‘நிரந்தர ஜோதி’ திட்டத்தின்கீழ் வீடுகளுக்கும் வயல்களுக்கும் தனித்தனி மின்வழித்தடங்களை அமைத்ததால் வீடுகளில் விளக்கு நின்று எரிகிறது. வயலுக்கான மும்முனை மின்சாரமோ நாளுக்குச் சுமார் 7 மணி நேரம், முறைவைத்து, பெரும்பாலும் இரவில் வந்தது. காலையிலும் மாலையிலும் நகரங்களின் தேவை உச்சத்தைத் தொடுவதால், பம்புசெட்டுகள் அந்நேரங்களிலிருந்து விலக்கப்பட்டன. பெங்களூருவின் தடையற்ற ஓட்டத்துக்கு இந்தக் காத்திருப்பும் ஒரு விலை என்பதை நகரவாசிகள் அறிவது அவசியம்.

இரவில் மின்சாரம் வந்தால் டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்துபோய், பாம்புக்கும், ஆனேக்கல், கனகபுரம் பக்கமானால் யானைக்கும் அஞ்சியபடி, மடை மாற்ற வேண்டும். பாதியில் நின்றுபோனால் திரும்பவும் வருமா, எப்போது வரும் என்பது தெரியாது. ஆகவே பலர் ‘ஆட்டோ ஸ்டார்ட்டர்’ பொருத்திவிடுகின்றனர். மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே ஓடவைக்கும் கருவி அது. ஒரே மின்மாற்றியிலுள்ள மோட்டார்கள் அனைத்தும் ஒரே நொடியில் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் சரிந்து காயில்கள் கருகுகின்றன. ஆளில்லாத வயலில் நீர் தேவைக்கு மேல் பாய்ந்து, நிலத்தடி நீர் இன்னும் கீழே போகிறது. 2008 முதல் 10 குதிரைத்திறன் வரையிலான பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம் என்பது உண்மையே. ஆனால் எரிந்த காயிலைச் சுற்றுவதற்கும் விழித்த இரவுகளுக்குமான செலவை விவசாயியே ஏற்கிறார். 2023ஆம் ஆண்டு வறட்சியில் அந்த 7 மணி நேரமும் 5 ஆகக் குறைந்து, விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பின்னரே மீண்டது.

வார இறுதியில் நகரிலிருந்து பண்ணை வீடுகளுக்கு வருவோர் காண்பது முதல் வகை நிதானத்தை மட்டுமே. இரண்டாம் வகையை மாற்றவும் வழியுண்டு. 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய ‘பிஎம் குசும்’ திட்டத்தின் ஒரு பிரிவு, வயல்களுக்கான மின்வழித்தடத்தைத் துணைமின் நிலையத்துக்கு அருகிலேயே அமையும் சூரிய மின் நிலையத்துடன் இணைக்கிறது. பெங்களூருவுக்கு வடக்கே கௌரிபிதனூர் வட்டத்தில் 2025இல் அத்தகைய நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. வெயில் உள்ள நேரத்திலேயே மோட்டார் ஓடுமாதலால், அங்கே மடை மாற்றும் வேலையும் பால் அளக்கும் வேலையைப் போலப் பகலுக்கு வர இயலும்.