நிலக்கரிப் புகையும் நைட்ரஜன் ஆக்ஸைடும்

திருச்சானூரில் நம் வீட்டு விளக்கை எரியவைக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ரேணிகுண்டாவில் மும்பை ரயில் ஏறிக் கடப்பா, எர்ரகுண்ட்லா தாண்டினால் முத்தனூர். அதன் அருகில்தான் 1,650 மெகாவாட் ராயலசீமா அனல்மின் நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்களின் புகையைப் பற்றி எளிமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

புகை என்றதும் கரியும் சாம்பலும்தான் நம் நினைவுக்கு வரும். நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் அதில் உண்டு. நிலக்கரியிலுள்ள நைட்ரஜனும், கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனோடு சேர்வதால் இவை உண்டாகின்றன. இவை மூச்சுக்குழாயை உறுத்தும், வெயிலில் வேறு வாயுக்களோடு வினைபுரிந்து ஓசோனை உண்டாக்கும், மழைநீரை அமிலமாக்கும்.

குறைப்பது எப்படி? முதல் வழி, காற்றை அளந்து கொடுப்பது. தீ பிடிக்கும் இடத்தில் காற்றைக் குறைத்து, மீதியைச் சற்று மேலே தனித் துளைகள் வழியே விடுவார்கள். தொடக்கத்தில் ஆக்ஸிஜன் போதாததால் நச்சு குறைவாகவே உண்டாகும். ஆனால் அளவு தவறினால் கரி முழுதும் எரியாமல் சாம்பலில் தங்கிவிடும். அந்தச் சாம்பல் சிமெண்ட் தயாரிக்க ஏற்றதல்ல.

இரண்டாவது வழி, புகையில் அமோனியா அல்லது யூரியாக் கரைசலைத் தெளிப்பது. சுமார் 900 முதல் 1,050 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது நைட்ரஜன் ஆக்ஸைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். வினையூக்கி வைத்தால் 300 முதல் 400 டிகிரியே போதும், பலனும் அதிகம். ஆனால் நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி; அது வினையூக்கியை அரிக்கும், செலவும் கூடும்.

2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. ஒரு கனமீட்டர் புகைக்கு, 2003 இறுதிக்குள் அமைந்த யூனிட்டுக்கு 600 மில்லிகிராம். 2004 முதல் 2016 வரை அமைந்ததற்கு 300. அதற்குப் பின் 100. நடுவிலுள்ள 300ஐ 2020இல் 450 ஆகத் தளர்த்தினார்கள். முத்தனூரில் 1994இல் ஓடத் தொடங்கிய யூனிட்டும் உண்டு, 2007இன் யூனிட்டும் உண்டு, 2018இன் யூனிட்டும் உண்டு. ஆக, ஒரே வளாகத்தில் மூன்று வரம்புகள்!

மூச்சு விடும் குழந்தைக்குப் பாய்லரின் வயது தெரியாது. பழைய பாய்லருக்கு வினையூக்கி கட்டுப்படியாகாது என்றே வைத்துக்கொள்வோம். காற்றை அளந்து கொடுக்கும் ஏற்பாட்டைப் பழையவற்றிலும் பெரும்பாலும் பொருத்த முடியும். எனவே, அனல்மின் நிலையத்துக்காக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது, சாம்பலைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். நைட்ரஜன் ஆக்ஸைடு எத்தனை மில்லிகிராம் என்றும் கேட்போம்.