விண்டோஸ் 11-க்கு மாறலாமா? தமிழில் வினாத்தாள் தட்டச்சு செய்பவர்களுக்கு

ஆசிரியர் அறையில் "விண்டோஸ் 11 போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் போட்டு ரெண்டு வருஷமாச்சு, ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார் ஒருவர். "வேண்டாம் டீச்சர், எது எங்கே இருக்குன்னே தெரியல" என்பார் இன்னொருவர். "என் மடிக்கணினி அதுக்குத் தகுதி இல்லையாம், புதுசு வாங்கணுமாம்" என்று அலுத்துக்கொள்வார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் உண்மைதான். ஒவ்வொருவரும் வேறு வேறு கணினியைப் பற்றி, வேறு வேறு வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆகவே இதில் யார் பக்கம் சேரலாம் என்று பார்ப்பதைவிட, உங்கள் கணினி எப்படிப்பட்டது, அதில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று பார்ப்பது நல்லது. தமிழில் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு, பொதுவான கணினி ஆலோசனைகளில் வராத ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதலில் நிலவரம். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-இல். இனிப் புதிய எண் வராது, இதுவே கடைசிப் பதிப்பு என்று மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே அந்த ஆண்டு ஒரு மாநாட்டில் பேசினார். 2021 அக்டோபர் 5-இல் விண்டோஸ் 11 வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் நடக்காது. வேர்ட் திறக்கும், அச்சுப்பொறி ஓடும், எல்லாம் நேற்று மாதிரியே இருக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்தரப் புதுப்பிப்பு மட்டும் வராது.

"அதனால் என்ன, நான் வங்கி வேலையா பார்க்கிறேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் மடிக்கணினியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாணவர்களின் முழுப்பெயர், அடையாள எண், மதிப்பெண் பட்டியல், பெற்றோரின் கைப்பேசி எண், இன்னும் அச்சுக்குப் போகாத தேர்வுத்தாள். இவை போனால் கஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை. 2017 மே மாதம் பரவிய வான்னக்ரை என்ற கோப்புப்பூட்டி நச்சுநிரல் பிரிட்டனில் மருத்துவமனைகளின் வேலையையே முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள்தாம் மாட்டிக்கொண்டார்கள். அதனால் விண்டோஸ் 11 வைத்துக்கொண்டு, புதுப்பிப்புச் செய்தி வரும்போதெல்லாம் "அப்புறம்" என்று தள்ளிவிடுகிறவரும் பாதுகாப்பாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

மாற விரும்பாதவர்களுக்கும், மாற முடியாதவர்களுக்கும் அவகாசம் இருக்கிறது. தனிப்பட்ட கணினிகளுக்குக் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 30 அமெரிக்க டாலர் கட்டலாம். கட்ட விருப்பமில்லை என்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை மேகக்கணிமையில் சேமிக்கச் சம்மதித்து இலவசமாகவே சேரலாம். பள்ளிக்குச் சொந்தமான கணினிகளுக்கு இந்த வழி பொருந்தாது. கல்வி நிலையங்களுக்குத் தனிக் கட்டணம்: ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. கணினிக்கூடத்தில் இருக்கும் பழைய கணினிகளை என்ன செய்வது என்று தலைமையாசிரியர் கேட்டால், புதியவை வாங்கும் பேச்சுக்கு முன் இந்தக் கணக்கையும் முன்வைக்கலாம்.

உங்கள் கணினிக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பது சுலபம். ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி, சிஸ்டம் என்பதைத் திறந்து, ப்ராசஸர் என்ற வரியைப் படியுங்கள். இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 வகையானால் சிறுகோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ5-8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, போதும். ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை. தகுதிப் பட்டியலில் இல்லை. நினைவகம் 4 ஜிபி, சேமிப்பகம் 64 ஜிபி என்பது நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. 4 ஜிபியில் ஓடும், ஆனால் வேர்டும் உலாவியும் கூகுள் மீட்டும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும். 8 ஜிபி இல்லாத கணினியில் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

டிபிஎம் 2.0 இல்லை என்று செய்தி வந்தால் உடனே புதுக் கணினிக்கு ஓடாதீர்கள். டிபிஎம் என்பது கடவுக்குறி, குறியாக்கச் சாவி போன்றவற்றைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி. பல கணினிகளில் அது உள்ளேயே இருக்கும். பயோஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் இயக்கிக் கொடுத்துவிடுவார். செயலி பழையதாக இருந்தால்தான் வழி இல்லை. தடையைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. மாணவர் விவரம் இருக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

தோற்றம் பற்றிய புகார்கள்தாம் அதிகம் காதில் விழும். ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்குப் போய்விட்டது, வலச்சொடுக்கினால் பழைய பட்டியல் வருவதில்லை என்பார்கள். பொத்தானை டாஸ்க்பார் அமைப்பில் மறுபடி இடப்பக்கம் கொண்டுவந்துவிடலாம். பழைய பட்டியல் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதற்குள் இருக்கிறது. இவை ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒன்டிரைவ் பற்றிய புகார் அப்படிப்பட்டதில்லை. நிறுவும்போது வரும் கேள்விகளுக்கெல்லாம் "சரி, சரி" என்று அழுத்திக்கொண்டே போனால், உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகள் மேகத்தில் சேமிக்கப்படத் தொடங்கிவிடலாம். இலவச இடம் 5 ஜிபிதான். பாடக் காணொளிகள் இருந்தால் அது உடனே நிரம்பிவிடும். அதோடு, வீட்டில் பிள்ளைகளும் அதே கணக்கைப் பயன்படுத்தினால் உங்கள் தேர்வுத்தாள் அவர்கள் கண்ணிலும் படும். அந்த இடத்தில் நின்று, படித்துப் பார்த்து அழுத்துங்கள்.

தமிழ்க் கோப்புகள்

பலருடைய கணினியில் பதினைந்து, இருபது ஆண்டு வினாத்தாள்கள், பயிற்றிகள், கருத்துணர் பகுதிகள் இருக்கும். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று யூனிகோடில் தட்டச்சு செய்தவை. மற்றது பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்ற பழைய குறியாக்கத்து எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. பழைய வகையில் கோப்புக்குள் பெரும்பாலும் தமிழ் எழுத்தே இருக்காது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களே இருக்கும். அவற்றின் மேல் எழுத்துரு தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும், திரையில் புரியாத குறிகள் நிற்கும்.

இருக்கும் விண்டோஸ் 10-இன் மேலேயே 11-ஐ நிறுவினால் நீங்கள் முன்பு சேர்த்த எழுத்துருக்கள் பொதுவாக அப்படியே தங்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினாலோ, புதுக் கணினி வாங்கினாலோ அவை வராது. "விண்டோஸ் 11-இல் தமிழ் வரவில்லை" என்ற புகார்களில் பல இப்படிப் பிறந்தவைதான். விண்டோஸ் 2000 முதலே யூனிகோடுத் தமிழ் விண்டோஸில் இருக்கிறது. வராமல் போனது அந்தப் பழைய எழுத்துரு.

எந்தக் கோப்பு எந்த வகை என்று அறிய ஒரு சின்னச் சோதனை. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் யூனிகோடு. குறிகளாக மாறினால் பழைய வகை. உடனே மாற்றத்தை நீக்கிவிட்டு, முன்பு இருந்த எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறியாக்க மாற்றிகளில் "எதிலிருந்து" என்று கேட்கும்போது அந்தப் பெயர்தான் கைகொடுக்கும். கணினியை மாற்றிய பிறகு இதைச் செய்வதைவிட, எழுத்துரு இருக்கும்போதே செய்வது நல்லது. மூலத்தையும் மாற்றிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் அல்லவா?

மாற்றிய பிறகு மெய்ப்புப் பார்க்காமல் விடக்கூடாது. இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழ்க் குறியாக்கம் என்று நினைத்து உருக்குலைத்திருக்கும். கிரந்த எழுத்துகளைப் பாருங்கள். "ஔவையார்" எல்லா இடத்திலும் ஔகாரமாக இருக்கிறாரா, "ஒ"வும் "ள"வுமாகப் பிரிந்து நிற்கிறாரா என்று பாருங்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் நிற்பதும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதால் இதைப் பிடிப்பது சிரமம். ஆனால் ஒரு சொல்லைத் தேடும்போது அது அகப்படாது. இருபது ஆண்டுக் கோப்புகளையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டும் என்று நினைத்தால் யாராலும் முடியாது. அடுத்த ஆண்டு மறுபடி கையில் எடுக்கப்போகும் கோப்புகளை மட்டும் முதலில் மாற்றுங்கள். மற்றவற்றைப் பிடிஎஃப் ஆக்கி வைத்தால் படிக்கவும் அச்சிடவுமாவது உதவும்.

யூனிகோடில் தட்டச்சு செய்தவர்களுக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. விண்டோஸ் 7 காலத்தில் பெரும்பாலோர் பயன்படுத்தியது லதா எழுத்துரு. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ வந்தது. விண்டோஸ் 10-இலும் 11-இலும் லதாவும் விஜயாவும் கூடுதல் வசதியாகத் தனியே வைக்கப்பட்டுள்ளன. தமிழ் மொழியைச் சேர்க்காத கணினியில் அவை இருக்காது. அங்கே உங்கள் கோப்பைத் திறந்தால் தமிழ் ஒழுங்காகவே தெரியும், ஆனால் வேறு எழுத்துருவில். எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மாறிவிடும். நான்கு பக்கத் தாள் ஐந்தாகும். அது பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம். கருத்துணர் பகுதியில் "7-ஆம் வரியில் வரும் தொடரின் பொருள் என்ன?" என்று கேட்டிருப்பீர்கள், அந்தத் தொடர் இப்போது 8-ஆம் வரிக்குப் போயிருக்கும். தேர்வு மண்டபத்தில் மாணவர் ஏழாம் வரியைப் படித்துப் படித்துப் பார்த்துக் குழம்புவார். உங்கள் திரையில் சரியாக இருந்தது, அச்சிட்ட அலுவலகக் கணினியில் நகர்ந்துவிட்டது.

இதற்கு வழி எளிது. செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குச் சென்று தமிழைச் சேருங்கள். அதன் பிறகும் லதா வரவில்லை என்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் எனத் தேடி, தமிழ்த் துணை எழுத்துருக்களை நிறுவுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் தாளை வேர்ட் கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். எழுத்துரு கோப்போடு சேர்ந்தே போகும், வரி நகராது.

விசைப்பலகையைப் பொறுத்தவரை நல்ல செய்திதான். தமிழ் 99, அஞ்சல் இரண்டுமே இப்போது விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. தமிழைச் சேர்த்தபின் விசைப்பலகைப் பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். தனி மென்பொருள் வழியாகத் தட்டச்சு செய்து பழகியவர்கள், அதன் புதிய பதிப்பு விண்டோஸ் 11-க்கு உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பு கிடையாது. 32-பிட் மென்பொருள்கள் அதில் ஓடும். 1990-களின் 16-பிட் மென்பொருள்கள் ஓடாது. அந்தக் காலத்துத் தமிழ்ப் பாடக் குறுவட்டு ஏதாவது இன்னும் வகுப்பில் பயன்பட்டால், அதற்காக ஒரு பழைய கணினியை இணையத் தொடர்பு இல்லாமல் ஓரமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

எப்போது மாறுவது?

ஆசிரியர்களுக்கு ஆண்டு இறுதி விடுமுறைதான் நல்ல நேரம். வெளி வன்தட்டு ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். சி டிரைவில் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பழைய தமிழ் எழுத்துருக்களையும் மறக்காமல் எடுத்து வையுங்கள். பிறகு நிறுவுங்கள். மாறிய 10 நாள்களுக்குள் பிடிக்கவில்லை என்றால், செட்டிங்ஸில் ரெகவரி பகுதி வழியாக விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். அதற்குப் பிறகு பழைய கோப்புகள் நீக்கப்பட்டுவிடும். ஆகவே அந்தப் பத்து நாளுக்குள், நீங்கள் வழக்கமாகச் செய்யும் எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பாருங்கள்: ஒரு பழைய வினாத்தாளைத் திறங்கள், ஒரு பக்கம் தமிழில் தட்டச்சு செய்யுங்கள், அச்சிடுங்கள், மதிப்பெண் பதிவேட்டைத் திறங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களே, சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் உங்களுக்குக் கிடைத்த கற்றல் கருவியைப் பள்ளியே நிர்வகிக்கிறது. அதில் நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். வீட்டுக் கணினி என்றால், தேர்வோ திட்டப்பணி ஒப்படைப்போ நெருங்கும் மாதத்தில் "இப்போதே மேம்படுத்துக" என்ற பொத்தான் எத்தனை முறை வந்தாலும் அதைத் தொடாதீர்கள். வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வேறு. அவற்றைத் தள்ளிப்போடாமல் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.